பார்வைக்கு விடப்பட்ட வீடு

அந்த ஊரில் அவளைக் குடையக்கா என்றுதான் எல்லோரும் கூப்பிட்டார்கள். வெயிலோ மழையோ, ஒரு மஞ்சள் குடையை உயர்த்திப் பிடித்தபடி அவள் முன்னால் போவாள். தொப்பியும் கேமராவுமாக வெளியூர்க்காரர்கள் பின்னால் வருவார்கள். பழைய மில் வாசலில் கிளம்பி, தறிக்கூடம், புகைபோக்கி, சாயப்பட்டறை, கால்வாய் மதகு, தொழிலாளர் லைன் வீடுகள் என்று சுற்றிக் காட்டிவிட்டு, ஆற்றங்கரைப் படகுத்துறையில் அவர்களைப் படகில் ஏற்றிவிட்டால் ஒரு சுற்று முடியும். மூச்சு விடுவதற்குள் மில் வாசலில் அடுத்த கூட்டம் காத்திருக்கும்.

மில் ஓடிக்கொண்டிருந்த காலத்தில் அதை யாரும் எட்டிப் பார்த்ததில்லை. பஞ்சுத் தூசியும் சாயத் தண்ணீரும்தான் ஊருக்கு அதனிடமிருந்து கிடைத்தவை. அது நின்றுபோய், ஊரில் பாதிப் பேர் மூட்டையைக் கட்டிக்கொண்டு போன பிறகு, யாரோ பெரிய இடத்தில் அது பாரம்பரியம் என்று கண்டுபிடித்தார்கள். செங்கல்லுக்கு வெள்ளையடித்தார்கள். சுவருக்குச் சுவர் பலகை வைத்தார்கள். சுற்றுலா அலுவலகம் ஒன்று திறந்து, வெளியூர்க்காரர்களின் மொழி பேசத் தெரிந்த ஆள் வேண்டும் என்றார்கள். மில் மூடிய பிறகு மாலை வகுப்பில் அந்த மொழியைப் படித்திருந்தவள் இவள் ஒருத்திதான்.

இவளும் அந்த மில்லில் நூல் சுற்றும் பகுதியில் வேலை பார்த்தவள். ஆனால் சுற்றுலாவில் அதைச் சொல்வதில்லை. ஆரம்பத்தில் சொல்லிப் பார்த்தாள். உடனே எல்லோரும் முகத்தைப் பாவமாக வைத்துக்கொள்வார்கள், கையைப் பிடித்துப் பார்ப்பார்கள், பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். அந்தப் பரிதாபத்துக்கெல்லாம் பதில் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய், "இங்கே பெண்கள் வேலை செய்தார்கள்" என்று யாரோ மூன்றாம் மனிதர்களைப் பற்றிச் சொல்வதுபோல் மாற்றிக்கொண்டாள். அதில் ஒரு வசதி இருந்தது. வாய் பாட்டுக்குப் பேசிக்கொண்டிருக்கும், மனசு வேறெங்கோ உட்கார்ந்திருக்கும்.

வீடு கால்வாயைப் பார்த்த லைனில் இருந்தது. ஒரு அறை, பின்னால் சமையல்கட்டு. அவளும் கணவரும் மட்டும். மகள் கல்யாணமாகி நகரத்துக்குப் போய்விட்டாள். கணவர் மில்லில் தறிகளைப் பழுது பார்த்தவர். இன்றும் ஊருக்கு அவர் ஃபிட்டர்தான். தறிச் சத்தத்தில் வலது காது போய்விட்டது. மில் மூடிய பிறகு அங்கே இங்கே வேலை பார்த்தார். பிறகு இடுப்பு பிடித்துக்கொள்ள, வீட்டோடு இருந்துவிட்டார். அதிகம் பேச மாட்டார். "சாப்பாடு இருக்கா", "ஃபேனை நிறுத்து", "மழை வரும்போல". ஒரு நாளைக்கு அவ்வளவு பேசினாலே அன்றைக்கு அவர் நல்ல மனநிலையில் இருக்கிறார் என்று அர்த்தம்.

சீசன் நடுவில் ஒரு நாள், தறிக்கூடத்தின் கூரையிலிருந்து ஒரு பெரிய காரைத் துண்டு பெயர்ந்து விழுந்தது. நல்லவேளை, அப்போது உள்ளே யாரும் இல்லை. பொறியாளர்கள் வந்து அண்ணாந்து பார்த்து, உதட்டைப் பிதுக்கி, கதவைப் பூட்டி முத்திரை வைத்துவிட்டுப் போனார்கள். சுற்றுலாவில் பார்க்கத் தகுந்த இடமே அந்தத் தறிக்கூடம்தான். அது இல்லையென்றால் மிச்சம் இருப்பது சுவரும் தண்ணீரும்.

அலுவலக மேலாளர் இவளைவிட வயதில் ரொம்பச் சின்னவள். சுறுசுறுப்பானவள். எதையும் கேட்கும்போது கையைப் பிடித்துக்கொண்டு கேட்பாள்.

"அக்கா, ஒரு யோசனை. தொழிலாளி வீட்டுக்கு உள்ளே கூட்டிட்டுப் போய்க் காட்டினா எப்படி இருக்கும்? வெளியில நின்னு பார்க்கிறதுக்கும் உள்ளே வந்து பார்க்கிறதுக்கும் வித்தியாசம் இருக்குல்ல?"

"யார் வீட்டை மேடம்?"

மேலாளர் அவளையே பார்த்துச் சிரித்தாள்.

"எங்க வீட்டுல என்ன இருக்கு பார்க்க?"

"அதுதான் அக்கா வேணும். கூரை சரியாகுற வரைக்கும்தான். நீங்க மாட்டேன்னா சுற்றுகளைக் குறைக்க வேண்டியிருக்கும்."

சுற்று குறைந்தால் வருமானம் குறையும். அன்று வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னாள். அவர் வாசல் பக்கமாகப் பார்த்துக்கொண்டே, "வந்துட்டுப் போகட்டும்" என்றார். அத்தோடு பேச்சு முடிந்தது.

மறுநாளே அலுவலகத்திலிருந்து வந்து வீட்டை "தயார்" செய்தார்கள். சுவரில் இருந்த மகளின் கல்யாணப் படத்தைக் கழற்றி வைத்தார்கள். எங்கிருந்தோ ஒரு துருப்பிடித்த இரும்பு விளக்கைக் கொண்டுவந்து ஆணியில் மாட்டினார்கள். ஃப்ரிட்ஜ் பழைய காலத்துக்குப் பொருந்தவில்லை என்று அதன்மேல் ஒரு போர்வையைப் போர்த்தினார்கள். அது போர்வைக்குள் இருந்தபடியே நடுநடுவே உறுமி, உடம்பை உலுக்கி, அடங்கும்.

முதல் கூட்டம் வந்தபோது ஃபிட்டர் கட்டில் ஓரத்தில் சிலைமாதிரி உட்கார்ந்திருந்தார். வந்தவர்கள் அவரையும் விளக்கையும் ஒரே மாதிரிப் பார்த்தார்கள். ஒருவர் சமையல்கட்டுக்குள் போய்ப் பாத்திரத்தின் மூடியைத் தூக்கிப் பார்த்தார். கொடியில் காய்ந்த தன் உள்பாவாடையை எடுத்து மறைக்க மறந்துவிட்டதைக் குடையக்கா அப்போதுதான் கவனித்தாள். வாய், "இந்த மாதிரி ஒரு அறையில் ஒரு முழுக் குடும்பமே வசித்தது" என்று சொல்லிக்கொண்டிருந்தது. காது இரண்டும் எரிந்தன.

அந்த வாரக் கடைசியில்தான் எல்லாம் மாறியது. ஒரு தாடிக்காரப் பயணி, அவ்வளவு தறிகள் ஓடும் சத்தத்தில் தொழிலாளர்கள் எப்படிப் பேசிக்கொண்டார்கள் என்று கேட்டார். இவள் அந்தக் கேள்வியைக் கணவரிடம் சொன்னாள். ஃபிட்டர் எழுந்து நின்று, சத்தமே இல்லாமல், உதட்டை மட்டும் பெரிதாக அசைத்து, கையையும் சேர்த்து ஆட்டிப் பேசிக் காட்டினார். மில்லில் அதற்கு வாயசைப்பு என்று பெயர். தறிக்கூடத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு அதிலேயே சண்டை போடுவார்கள், காதலிப்பார்கள், மேஸ்திரியைத் திட்டுவார்கள். வந்தவர்கள் கைதட்டினார்கள்.

அந்தக் கைதட்டல் ஃபிட்டரின் இடுப்பு வலியைக்கூட மறக்கடித்துவிட்டது.

அடுத்த நாள் கேட்காமலே சவரம் செய்துகொண்டார். இஸ்திரி போட்ட சட்டை கேட்டார். கதைகள் வர ஆரம்பித்தன. தறியிலிருந்து கழன்று பறந்த பெல்ட்டை ஒற்றைக் கையால் பிடித்து நிறுத்திய கதை. வெள்ளத்தில் முதலாளியைத் தோளில் தூக்கிக் கரை சேர்த்த கதை. போர்வைக்குள் ஃப்ரிட்ஜ் உறுமினால், "அது எங்க வீட்டு விருந்தாளி, தூக்கத்துல குறட்டை விடுது" என்பார். இதையெல்லாம் மொழிபெயர்க்க வேண்டியது மனைவியின் வேலை. முதலாளி வெள்ளத்தின்போது ஊரிலேயே இல்லை என்பது அவளுக்குத் தெரியும். பெல்ட் கழன்றதும், எல்லோரையும்போல இவரும் ஓடி ஒளிந்தார் என்பதும் தெரியும். அதனால் மொழிபெயர்க்கும்போது கொஞ்சம் திருத்திச் சொன்னாள்.

அன்று மாலை அவராகவே பேச்சைத் தொடங்கினார். அதுவே அதிசயம்.

"நீ நான் சொன்னதைச் சொல்லலை."

"சொன்னேனே."

"நான் அந்த இடத்துல நிறுத்தினப்ப அவங்க வாயைப் பொளந்திருக்கணும். ஒருத்தரும் பொளக்கலை."

"நடந்ததைச் சொன்னேன்."

"நடந்தது யாருக்கு வேணும்? பாவம், அவ்வளவு தூரத்துல இருந்து வந்திருக்காங்க."

அதற்குப் பிறகு அவள் திருத்தவில்லை. திருத்துவதற்கும் தெம்பு வேண்டும்.

சீசன் நீண்டுகொண்டே போனது. அவளுடைய முழங்கால் வீங்கிக்கொண்டது. வேலைக்கு நடுவே வீட்டுக்கு வந்து கொஞ்ச நேரம் காலை நீட்டலாம் என்றால், வீடே வேலைசெய்யும் இடமாகிவிட்டது. எச்சில் கோப்பையைத் தொட்டியில் போட்டுவைக்க முடியாது. கட்டிலில் படுத்தால் விரிப்பு கசங்கும். தன் வீட்டிலேயே நாற்காலி நுனியில், கிளம்பப்போகிற ஆள்போல உட்கார்ந்திருந்தாள். மகள் போனில், "அம்மா, அப்பா படம் இணையத்துல ஓடுது. என்கூட வேலை பார்க்கிறவங்க எல்லாம் காட்டுறாங்க. அப்பா சிரிச்சு நான் இப்பதான் பார்க்கிறேன்" என்றாள். "நானும்தான்" என்று இவள் சொன்னாள். மகள் அதை நகைச்சுவை என்று எடுத்துக்கொண்டு சிரித்தாள்.

பக்கத்து வீட்டில் ஃபிட்டரின் தங்கை இருந்தாள். துணி துவைக்கும் இடத்தில் ஒரு நாள் அவளிடம் குடையக்கா மனசு விட்டுச் சொன்னாள்.

"கட்டினவகிட்ட பேசாத பேச்சை எல்லாம், காலையில வந்து மத்தியானம் போறவங்ககிட்ட பேசுறார். பயணம் எப்படி இருந்துச்சு, கால் வலிக்குதான்னு அவங்களைக் கேட்கிறார். நான் நொண்டிக்கிட்டே உள்ளே வர்றேன், அது கண்ணுல படலை."

நாத்தனார் துணியைப் பிழிந்துகொண்டே சொன்னாள்: "எங்கண்ணன் சின்ன வயசுலேயே அப்படித்தான் அண்ணி. வீட்டுக்குள்ள ஊமை, வாசலைத் தாண்டினா ரேடியோ. இப்ப நீங்க வாசலையே வீட்டுக்குள்ள கொண்டு வந்துட்டீங்க, அவர் என்ன செய்வார்?"

குடையக்காவுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து முடித்ததும் அழுகையும் வரும்போல் இருந்தது. அதற்குள் அடுத்த சுற்றுக்கு நேரமாகிவிட்டது.

சீசன் முடியும் தறுவாயில் ஒரு நாள். காற்றே இல்லை. ஆறு ஈயத் தகடுபோல் கிடந்தது. காலையிலேயே படகு தாமதம், ஒரு பயணிக்கு மயக்கம், ஒருவரின் தொப்பி கால்வாயில் விழுந்து அதை எடுக்கக் கம்பு தேடி அலைச்சல். மதியக் கூட்டம் வழக்கத்தைவிடப் பெரியது. வீட்டுக்குள் நிற்க இடமில்லாமல் சிலர் படியில் நின்று எட்டிப் பார்த்தார்கள். குடையக்கா மடக்கிய குடையைத் தரையில் ஊன்றி, சுவரில் சாய்ந்து நின்றாள்.

ஃபிட்டர் வெள்ளக் கதையைத் தொடங்கினார். முதலாளியைத் தோளில் தூக்கும் இடம் வரை வந்து, வழக்கம்போல் நிறுத்தி, அவள் சொல்வதற்காகக் காத்திருந்தார்.

அவள் வாயைத் திறந்தாள். வார்த்தை வரவில்லை. வந்தவர்களின் மொழியும் வரவில்லை, தன் மொழியும் வரவில்லை. தண்ணீர் வற்றிய பைப்பைத் திறந்தமாதிரி வெறும் காற்றுதான் வந்தது. எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். போர்வைக்குள் ஃப்ரிட்ஜ் உறுமியது. இந்தமுறை ஃபிட்டர் அதை வைத்து வேடிக்கை பேசவில்லை.

அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். சுவரில் சாய்ந்த தோளை, குடையை இறுக்கிப் பிடித்த விரல்களை, செருப்புக்கு வெளியே பிதுங்கிய பாதத்தை. பிறகு, அத்தனை பேர் தலைகளுக்கும் மேலாக, சத்தமில்லாமல் உதட்டை அசைத்தார்.

"உனக்கு முடியலை. உக்காரு."

மில் மூடிய பிறகு அவர்கள் இருவரும் அப்படிப் பேசிக்கொண்டதே இல்லை. இருந்தாலும் அவளுடைய உதடு தானாகப் பதில் சொன்னது.

"கூட்டம் இருக்கு."

"நான் கூட்டிட்டுப் போறேன்."

"உங்களுக்கு அவங்க மொழி தெரியாது."

"கை இருக்கு. நீ உக்காரு முதல்ல."

வந்தவர்கள் தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். இதுவும் நிகழ்ச்சியில் ஒரு பகுதி என்று நினைத்து இரண்டு மூன்று பேர் படம்பிடித்தார்கள். யாரோ கைதட்ட, மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். கதவருகே நின்ற நரைத்த தலைப் பெண் ஒருத்தி மட்டும் கைதட்டவில்லை.

"உங்களுக்கு அது எப்படிப் புரியுது?" என்று கேட்டாள்.

"நானும் இந்த மில்லுலதான் வேலை பார்த்தேன்" என்றாள் குடையக்கா. "நூல் சுத்துற பகுதியில."

"இப்ப அவர் என்ன சொன்னார்?"

"வீடு பார்க்கிற நேரம் முடிஞ்சுதுன்னு சொன்னார்."

ஃபிட்டர் வந்து அவள் கையிலிருந்த குடையை வாங்கிக்கொண்டார். இரண்டு கைகளையும் விரித்து, கோழிக்குஞ்சுகளை ஓட்டுவதுபோல எல்லோரையும் வெளியே ஓட்டினார். கடைசி ஆளும் படியிறங்கியதும் கதவைச் சாத்தினார்.

குடையக்கா முதலில் ஃப்ரிட்ஜின் மேல் இருந்த போர்வையை உருவித் தரையில் போட்டாள். உள்ளேயிருந்து தண்ணீர் எடுத்து நின்றபடியே குடித்தாள். பிறகு கட்டிலில் விழுந்தாள். விரிப்பு கசங்குவது தெரிந்தது. கசங்கட்டும் என்று விட்டாள். செருப்பைக் கழற்றினாளா என்றுகூட அவளுக்கு நினைவில்லை.

விழித்தபோது சாயங்கால வெயில் சமையல்கட்டு வரை வந்திருந்தது. ஃபிட்டர் படியில் உட்கார்ந்து, இடுப்பில் கையை வைத்துக்கொண்டு முனகிக்கொண்டிருந்தார்.

"எல்லாரையும் படகுல ஏத்திட்டீங்களா?"

"ஏத்திட்டேன். ஒருத்தன் படம் எடுக்கிறேன்னு மதகு மேல ஏறப் பார்த்தான். சட்டையைப் பிடிச்சு இழுத்தேன்."

"சட்டையையா?"

"மொழி தெரியலையே. வேற எதைப் பிடிச்சு இழுக்கிறது?"

அவள் எழுந்து உட்கார்ந்தாள். காலை நீட்டிக்கொண்டு கேட்டாள். "ஒண்ணு கேட்கிறேன். வர்றவங்க போறவங்ககிட்ட எல்லாம் இவ்வளவு பேசுறீங்க. எங்கிட்ட ஏன் பேசறதில்லை?"

அவர் இடது காதைத் திருப்பிக் கேட்டுக்கொண்டார்.

"நீ வரும்போதே பேசிப் பேசித் தொண்டை வத்திப்போய் வர்றே. உள்ளே வந்தா ஒரு வார்த்தை பேச ஆளில்லாம இருந்தா நல்லா இருக்கும்ங்கிற மாதிரி இருக்கும் உன் முகம். சரி, நாம வேற எதுக்குன்னு விட்டுட்டேன்."

அவள் அதைப் பாதி நம்பினாள். முதலாளியைத் தோளில் தூக்கிய கதையைச் சொல்லும்போதும் அவர் முகம் இதே மாதிரிதான் இருக்கும். ஆனால் மீதிப் பாதி உண்மையாகவும் இருக்கலாம். தன் முகம் வீட்டுக்கு வரும்போது எப்படி இருக்கும் என்று அவள் யோசித்துப் பார்த்ததில்லை.

"டீ போடவா?" என்றார் அவர். போட்டார். வாயில் வைக்க முடியவில்லை. அவள் குடித்தாள்.

மறுநாள் அலுவலகத்துக்குப் போய், "இனிமே வீட்டைத் திறக்க மாட்டேன் மேடம்" என்றாள். மேலாளர் கையைப் பிடித்துக்கொண்டாள். வந்தவர்கள் எல்லோரும் அந்த வீட்டைத்தான் புகழ்ந்து எழுதுகிறார்கள் என்றாள். சீசன் முடியும் வரையாவது என்றாள். கடைசியில், கொஞ்சம் கறாராக, "சுற்றுகளைக் குறைக்க வேண்டியிருக்கும்னு அப்பவே சொன்னேன் அக்கா" என்றாள்.

"குறைச்சுக்குங்க" என்றாள் குடையக்கா. அதைச் சொல்லக் கஷ்டமாக இருக்கும் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தவளுக்கு, சொன்ன பிறகு உடம்பில் எதுவும் ஆகவில்லை. கையை மெதுவாக உருவிக்கொண்டு வெளியே வந்தாள்.

மதியச் சுற்றுக்கு அவளுக்குப் பதிலாகக் காதில் மாட்டிக்கொள்ளும் கருவி வந்தது. வெளியூர்க்காரர்கள் அதை மாட்டிக்கொண்டு, அது சொல்லும் இடத்தில் நின்று, அது சொல்லும் பக்கம் திரும்பி, பேச்சில்லாமல் போனார்கள். ஃபிட்டருக்கு மில் முற்றத்தில் ஒரு நாற்காலி போட்டுக் கொடுத்தார்கள். இடுப்பு இடம் கொடுத்த நாட்களில் போய்க் கதை சொன்னார். முற்றத்தில் காற்று அடித்ததால் கதைகள் கொஞ்சம் சுருங்கிவிட்டன, ஆனாலும் கைதட்டல் இருந்தது. வீட்டுக்கு வந்தால் சில நாள் பேசினார், சில நாள் பேசவில்லை. கல்யாணப் படம் பழைய ஆணிக்குத் திரும்பியது. பழைய விளம்பரத் தாளை வைத்துக்கொண்டு யாராவது கதவைத் தட்டினால், பக்கத்து வீட்டிலிருந்து நாத்தனார் வந்து அவர்களுக்குத் தெரியாத மொழியில் அவர்களுக்குப் புரிகிறமாதிரி சொல்லி அனுப்பினாள்.

குடையக்காவின் களைப்பு ஒரேயடியாகப் போய்விடவில்லை. முழங்கால் அப்படியேதான் இருந்தது. மருத்துவர் மாத்திரை கொடுத்து, நடப்பதைக் குறையுங்கள் என்றார். நடப்பதுதான் என் வேலை என்று இவள் சொன்னதற்கு, அவரும் தலையாட்டினார்.

விடுமுறை நாள் ஒன்றில் கணவனும் மனைவியும் படகுத்துறைக்குப் போய், அக்கரைக்குக் கொண்டுவிடச் சொன்னார்கள். அந்தக் கரையில் மில் இல்லை, புகைபோக்கி இல்லை, பலகை இல்லை. புல்லும் சேறும்தான்.

"அங்கே பார்க்க என்னக்கா இருக்கு?" என்றான் படகுக்காரன்.

"ஒண்ணுமில்லை" என்றாள் அவள். "அதுக்குத்தான்."

அவன் தோளைக் குலுக்கிக்கொண்டு என்ஜினைக் கிளப்பினான். அக்கரையில் உட்காருவதற்குக் காய்ந்த இடம் தேடக் கொஞ்ச நேரமாயிற்று. ஃபிட்டர் தன் துண்டை விரித்தார். அவள் காலை நீட்டி உட்கார்ந்தாள். இரண்டு பேரும் ஆற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, வெறும் புல்வெளியைப் பார்த்தபடி, படகுக்காரன் திரும்பி வந்து கூப்பிடும் வரை அங்கேயே இருந்தார்கள்.